வெட்டும் அறுப்பும் பகுப்பும்

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், காரைதீவை அடுத்து அமைந்துள்ளது நிந்தவூர். கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் இவ்வூரில் உழவும் மீன்பிடியும் நெடுங்காலத் தொழில்கள். இங்குள்ள உழவர் இல்லமொன்றிலே பொருள்கள் எத்தனை வகையாகத் துண்டும் துகளுமாக்கப்படுகின்றன என்பதை உற்றுநோக்கின் வியப்பே தோன்றும். வயலில் வேளாண்மை வெட்டப்படுகிறது. விருந்துக்குக் கோழி அறுக்கப்படுகிறது. தேங்காய் உரிக்கப்பட்டு, உடைக்கப்பட்டு, திருவப்படுகிறது. விறகு பிளக்கப்படுகிறது. ஓலை கிழிக்கப்படுகிறது. வெற்றிலைக் காம்பு கிள்ளப்படுகிறது. கீரை ஆயப்படுகிறது, அரிசி கொழிக்கப்படுகிறது. இவற்றுள் ஒன்றற்குரிய வினையை மற்றொன்றுக்கு மாற்றிக் கூறினால் அவ்வீட்டுச் சிறு குழந்தையும் நகைக்கும்.

அக்குழந்தை பாடசாலை சென்று ஆங்கிலம் பயிலத் தொடங்குங்கால் முதலிற் பெறுவது ‘கட்’ என்னும் ஒரு சொல். பல வகுப்புக்களைக் கடந்தபின், செக்ஷன், டிஸெக்ஷன், இன்சிஷன், அனாலிசிஸ், செப்பரேஷன், ஃபிஷன் எனக் கற்றோர்க்குரிய சொற்கள் வெள்ளமாக வந்து சேர்கின்றன. இடையிலே இவற்றுக்கு ஈடாகத் தமிழ்க் கலைச்சொற்கள் பாடநூல்களில் நிற்கின்றன. இல்லத்திலே கற்ற நுண்மையும், ஆங்கிலச் சொல்லின் கருத்தும், இடைநின்ற கலைச்சொல்லும் தம்முள் எவ்வளவு பொருந்துகின்றன என்பது ஆராயத்தக்கது. இது வெறுஞ் சொல்விளையாட்டன்று. இலங்கையில் உயர்தர வகுப்புவரை விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்ற மாணவர், மருத்துவ பீடத்திலோ பொறியியற் பீடத்திலோ காலடி வைத்ததும் ஆங்கிலத்திற் கற்க வேண்டியவராகின்றனர். தமிழ்ச் சொல் பொருளைச் செவ்வனே காட்டியிருப்பின் அது பாலமாகும். காட்டாதாயின், கற்றதை மறந்து மீண்டும் கற்க வேண்டியதே.

ஆங்கிலத்தில் இவ்வகைச் சொற்கள் மூன்று அடுக்காகக் கிடக்கின்றன. அடியிலே நாட்டுப்புற மக்களின் பழஞ்சொற்கள்: மரத்தை வெட்டும் ‘ஹியூ’, நாரோட்டத்தின்வழி பிளக்கும் ‘கிளீவ்’, ஆட்டு மயிரைக் கத்தரிக்கும் ‘ஷியர்’ முதலியன. இவை நிந்தவூர் வீட்டுச் சொற்களோடு தோள்கொடுத்து நிற்கத்தக்கவை. ‘கிளீவ்’ என்னும் சொல் பிளத்தலையும் ஒட்டிக்கொள்ளுதலையும் ஒருங்கே குறிப்பது கற்போரை மயக்கும். பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறாயிருந்த இரு வினைகள் காலப்போக்கில் ஒரே வடிவெடுத்தமையே இம்மயக்கத்திற்குக் காரணம். நடு அடுக்கில் பிரெஞ்சு வழியாக வந்தவை. ‘டெய்லர்’ என்னும் சொல்லைத் தமிழரும் நாள்தோறும் வழங்குகின்றனர். அதன் அடிப்பொருள் வெட்டுபவர் என்பதே. மேலடுக்கில் இலத்தீனும் கிரேக்கமும். வெட்டுதற்கு இலத்தீன் தந்த ‘செக்’ என்னும் அடி செக்ஷனிலும் டிஸெக்ஷனிலும் உள்ளது. கிரேக்கம் தந்த ‘தொம்’ என்னும் அடி உடற்கூற்றியலின் ஆங்கிலப் பெயரில் உள்ளது.

அணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் ‘வெட்டப்படாதது’ என்பதே கிரேக்க மூலப்பொருள். அப்பெயர் நிலைத்துவிட்ட பின்னர், 1938 ஆம் ஆண்டு யுரேனிய அணுக்கரு பிளவுபடுதல் கண்டறியப்பட்டமையால், ஆங்கிலத்தில் வெட்டப்படாதது பிளவுற்றது என்னும் முரண் நேர்ந்தது. தமிழில் அணு என்பது நுண்மையை உணர்த்தும் சொல்லாதலின் கருப்பிளவு என்னும் தொடரில் அம்முரண் இல்லை. பெயர்ப்பின்போது மூலச்சொல்லின் வரலாற்றைச் சுமந்து வராமையும் சிலபோது நன்மையே.

மூலத்தை நாடுவோர் வழுக்கி வீழும் இடங்களும் உள. ‘டிஸெக்ட்’ என்பதை ‘இரண்டாக வெட்டு’ எனப் பொருள்கொண்டு ஒரே ‘எஸ்’ இட்டு எழுதும் மாணவர் பலர். இரண்டாக வெட்டுதல் ‘பைசெக்ட்’. ‘டிஸெக்ட்’ என்பதோ வேறு வேறாகும்படி வெட்டுதல். எழுத்து இரட்டித்து வருவதே அதற்குச் சான்று. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்னும் சொல்லும் இக்குடும்பத்தது போலத் தோன்றும். அது பின்பற்றுதல் என்னும் பொருளுடைய வேறோர் இலத்தீன் அடியின் வழிவந்ததாகும். ஒலியொப்புமையைக் கொண்டு உறவு பேசுதல் தமிழிற் போலவே ஆங்கிலத்திலும் இடரானது.

தமிழ், பிரிவின் முறையை வைத்தே வினையைத் தேர்கிறது. ஓங்கிய கருவி ஒரே வீச்சில் விழுந்தால் வெட்டு. கருவியை இழுத்து இழுத்துச் செய்தால் அறுப்பு. மேற்பரப்பை மட்டும் பிளந்தால் கீறல். நாரின் ஓட்டத்திற் சென்றால் பிளப்பு. கருவியின்றிக் கையால் இழுத்தாற் பிய்ப்பு. மேலுறையை அகற்றினால் உரிப்பு. கிழக்குக் கரை முஸ்லிம்கள் ஆட்டையும் மாட்டையும் ‘அறுத்தல்’ என்றே கூறுவர். சிறுதெய்வக் கோயில்களில் ஒரே வீச்சிற் பலியிடும் வழக்கைக் ‘கிடாய் வெட்டு’ என்பர் இந்துக்கள். இரண்டும் வெவ்வேறு செயல்கள் என்பதைத் தமிழ் ஒரு சொல்லாலேயே வேறுபடுத்திக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதனை விளக்க ஒரு வாக்கியம் வேண்டும். ஆயினும், இவ்விதிக்கு விலக்கில்லை எனல் மிகையாகும். கதிரை இடக்கையாற் பற்றித் தாக்கத்தியால் இழுத்தரிவது அறுப்பின்பாற்படும் செயலே. எனினும் நிந்தவூரில் அது ‘வேளாண்மை வெட்டு’. யாழ்ப்பாணத்திலும் ‘அருவி வெட்டு’ என்பர். வழக்கு தன் விருப்பம்போல் நடக்கும். இலக்கணம் பின்னே சென்று காரணம் தேடும்.

மற்றொரு சிறப்பும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் ‘பிரேக்’, ‘ஸ்பிளிட்’, ‘செப்பரேட்’ ஆகியன தானே நிகழ்வதையும் ஒருவர் நிகழ்த்துவதையும் வடிவு மாறாமலே குறிக்கும். தமிழிலோ உடைதல் வேறு, உடைத்தல் வேறு. பிரிதல் வேறு, பிரித்தல் வேறு. கயிறு அறுந்ததா, அறுக்கப்பட்டதா என்பது வழக்கு மன்றம்வரை செல்லத்தக்க வேறுபாடு. இலங்கை இரசாயன நூல்களில் வெப்பத்தாற் சேர்வை சிதைவதைப் ‘பிரிகை’ என்றும், மின்னைச் செலுத்திச் செய்வதை ‘மின்பகுப்பு’ என்றும், கலவையின் கூறுகளைத் தனித்தனியே எடுப்பதை ‘வேறாக்கல்’ என்றும் வழங்குகின்றனர். இம்மூன்றும் மிகச் சிறந்த ஆக்கங்கள். மணலையும் உப்பையும் எவரும் வெட்டுவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றை வேறாக்குகின்றனர். சொல்லை ஆக்கியவர் அகராதியைக் காட்டிலும் செயலையே கண்முன் நிறுத்தினார் என்பது இங்குத் தெளிவாகிறது.

இவ்வழிக்கு இலங்கையில் முன்னோடியாயிருந்தவர் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 ஆம் ஆண்டு இலங்கை வந்த இவர், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவம் கற்பித்து, 1864 ஆம் ஆண்டு முதல் அதனைத் தமிழிலேயே கற்பிக்கலானார். அவர் பெயர்த்த முதல் நூல்களுள் ஒன்று கட்டர் என்பார் எழுதிய உடற்கூற்று நூல். வெட்டுபவர் எனப் பொருள்படும் பெயருடைய ஒருவர் உடலை வெட்டியறியும் நூலை எழுதியமை நகைச்சுவையான தற்செயல். கிறீன் அதற்கு இட்ட பெயர் ‘அங்காதிபாதம்’. ஆங்கிலப் பெயரில் ஒளிந்திருக்கும் கத்தி இதில் இல்லை. கத்தி காட்டித்தரும் அங்கங்களே உள்ளன. பிணத்தைத் தொடவும் தயங்கிய அக்கால மாணவர்க்கு இப்பெயர் அச்சத்தை விளைக்காது, மரபோடு இயைந்த நூலொன்றைப் பயிலும் உணர்வையே அளித்திருக்கும். பிற்காலத்தில் நிலைபெற்ற ‘உடற்கூற்றியல்’ என்னும் பெயரும் குறையுடையதன்று. கூறு என்பதில் பிரிப்பு மறைந்து நிற்கிறது. ஆயின் வெட்டு முன்னிற்கவில்லை.

1867 ஆம் ஆண்டு வெளிவந்த தமது சத்திரசிகிச்சை நூலுக்குக் கிறீன் ‘இரண வைத்தியம்’ எனப் பெயரிட்டார். ஒரே கலைக்கு வழங்கும் பெயர்களை இங்கே ஒப்புநோக்கல் நன்று. கிறீன் புண்ணைக் கொண்டு பெயரிட்டார். இன்றைய இலங்கை வழக்கான ‘சத்திரசிகிச்சை’, ஆயுதத்தைக் குறிக்கும் சஸ்திரம் என்னும் வடசொல்லைக் கொண்டது. தமிழ்நாட்டு ‘அறுவை சிகிச்சை’ செயலைக் கொண்டது. ஆங்கிலச் சொல்லோ, கிரேக்கத்தில் ‘கைவேலை’ என்னும் பொருளுடையது. அதில் வெட்டே இல்லை. ‘சத்திரம்’ என்றதும் வழிப்போக்கர் தங்கும் இடமே நினைவுக்கு வரும் ஊர்களில், இலங்கைச் சொல் இருளாகவே இருக்கிறது. அறுவை தெளிவானது, அழகிய வரலாறும் உடையது. சங்க காலத்தில் அறுவை என்பது ஆடை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் புலவர் பெயரே அதற்குச் சான்று. தறியிலிருந்து அறுத்தெடுப்பதால் அறுவை, துணிக்கப்படுவதால் துணி. நிந்தவூருக்கு வடக்கே கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையில் இன்றும் துணி நெய்யப்படுகிறது. ஆயின் அச்சொல்லிலுள்ள வெட்டை எவரும் உணர்வதில்லை.

துணிதல் என்பதற்கு வெட்டுப்படுதல், முடிவுசெய்தல் என இருபொருள் உண்மையும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆங்கிலத்தில் ‘டிசைட்’ என்பது வெட்டியகற்றுதல் என்னும் இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல். பல வழிகளுள் ஒன்றை வைத்து ஏனையவற்றை அறுத்தெறிவதே முடிவு என்று, தம்முள் தொடர்பில்லாத இரு மொழியினரும் கண்டிருக்கின்றனர். அறுதி என்னும் சொல்லும் அத்தகையதே.

காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். சென்னையில் 1936 ஆம் ஆண்டு நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்றொகுதி 1938 ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னர் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இவ்விரு கரைகளிலும் ஆக்கப்பெற்றவற்றை ஒப்பிடுங்கால் நயமும் குறையும் இருபாலும் உள என்பது புலனாகிறது.

‘செக்ஷன்’ என்பதற்கு இலங்கையில் வழங்கும் ‘வெட்டுமுகம்’ ஒப்பற்ற சொல். தண்டொன்றைக் குறுக்கே வெட்டியதும் புதிதாகத் தோன்றும் பரப்பே மாணவன் வரைய வேண்டியது. ஆங்கிலச் சொல் வெட்டைச் சொல்லி அதனோடு நின்றுவிட, தமிழ்ச் சொல் முகத்தையும் காட்டுகிறது. சூரை மீனைத் துண்டாக்கும் கல்முனைச் சந்தையில் அம்முகத்தைக் காணாத பிள்ளை இல்லை. கேத்திர கணிதத்தில் கோணத்தைச் சமமாகப் பிரிக்கும் கோட்டை இலங்கையர் ‘இருகூறாக்கி’ என்றனர். தமிழ்நாட்டார் ‘இருசமவெட்டி’ என்றனர். கோடு எதனையும் வெட்டுவதில்லையாதலால் முன்னையதே பொருத்தம். ஆயின் பின்னையது சமம் என்பதை வெளிப்படக் கூறும் சிறப்புடையது.

தன்னையும் ஒன்றையுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுக்கப்படாத எண்ணின் பெயரிலே தராசு மறுபுறம் சாய்கிறது. தமிழ்நாட்டார் அதனைப் ‘பகா எண்’ என்றனர். பகுபதம், பகாப்பதம் என்னும் நன்னூல் வழக்கை அறிந்த எவர்க்கும் அதன் பொருள் கேட்ட அளவிலே விளங்கும். இலங்கையில் அது ‘முதன்மை எண்’. ஆங்கிலச் சொல்லுக்கு முதன்மை என்னும் பொருளுண்மை மெய். ஆனால் எவ்வகையில் முதன்மை என்று வினவும் மாணவனுக்கு அச்சொல் விடை தாராது. நன்னூலைக் கற்பிக்கும் அதே பாடசாலையில், அடுத்த பாடவேளையிலேயே அதனை மறந்து சொல்லாக்கியது வருந்தத்தக்கது.

‘இடைவெட்டு’ என்பது இதனினும் கடுமையான குறையுடையது. இரு கோடுகள் ஒன்றையொன்று குறுக்கிடுதலை அவ்வாறு கூறுதலை ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம். தொடைக் கணிதத்தில் இரு தொடைகளுக்கும் உரிய பொது மூலகங்களின் கூட்டத்தையும் அதே பெயராற் கூறுவது எங்ஙனம் பொருந்தும்? அங்கே எதுவும் வெட்டப்படவில்லை, பொதுவானதே தக்கவைக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் ‘வெட்டு’ என்பதும் அதே குற்றத்துக்குரியது. வெட்டு என்றதும் நீக்கப்பட்டதே நினைவுக்கு வருதலால், தொடக்கத்திற் கற்போர் பொது மூலகங்களை நீக்கிவிட்டு எஞ்சியவற்றை எழுதிவிட இடமுண்டு. ‘பொதுத்தொடை’ என்றிருப்பின் விளக்கமே வேண்டியதில்லை. இலத்தீன் அடியைப் பெயர்த்தவர் பொருளைப் பெயர்க்க மறந்தார்.

மருத்துவ மாணவர் எதிர்கொள்ளும் இடர் இன்னும் நுண்ணியது. ஆங்கிலச் சத்திரசிகிச்சைப் பெயர்கள் பெரும்பாலும் கிரேக்க ஈறுகளால் அமைந்தவை. ‘டொமி’ என முடிவது கீறித் திறத்தல். ‘எக்டொமி’ என முடிவது வெட்டி வெளியே எடுத்தல். ‘ஸ்டொமி’ என முடிவது புதிதாக ஒரு வாயை உண்டாக்கல். தமிழ்ச் செய்தித்தாள்கள் இம்மூன்றையும் ‘சத்திரசிகிச்சை’ என்று கூறி அமைகின்றன. ஆனால் பண்டைய சுசுருதர் அறுத்தெடுத்தல், பிளத்தல், சுரண்டல், துளைத்தல், துருவியறிதல், பற்றியிழுத்தல், வடியவிடல், தைத்தல் எனச் சத்திரச் செயல்களை எட்டாக வகுத்தார். அவ்வகுப்பு முறை நம் நாட்டு மருத்துவ மரபுக்குப் புதிதன்று.

மூன்றாவது ஈற்றுக்குரிய தமிழ் நிந்தவூர் மக்களின் நாவிலேயே உள்ளது. மாரி காலத்தில் வெள்ளம் பெருகி வயல்களையும் குடியிருப்புக்களையும் சூழுமாயின், கிழக்குக் கரையில் மணற்றிட்டை ஊடறுத்து நீரைக் கடலுக்கு விடுவர். அதனை ‘ஆற்றுவாய் வெட்டுதல்’ என்பர்; ‘முகத்துவாரம் வெட்டுதல்’ என்றும் கூறுவர். கிரேக்க ‘ஸ்டொமா’ என்பதற்கும் வாய் என்பதே பொருள். குடலுக்கு வயிற்றின்மேல் புதுவாய் அமைக்கும் மருத்துவரும், ஆற்றுக்கு மணலில் வாய் அமைக்கும் உழவரும் தேங்கியதை வெளிப்போக்குவதாகிய ஒரே செயலையே செய்கின்றனர். ‘வாய்வெட்டு’ என்னும் சொல்லை நிந்தவூர்ப் பெண்ணொருத்தியிடம் கூறி, அவள் தந்தைக்குச் செய்யவிருக்கும் சிகிச்சையை விளக்கினால், அவள் வினாவுவதற்கு அதிகம் இராது. ஆங்கிலப் பெயரைக் கூறினாலோ அவள் தலையசைத்துவிட்டு வெளியே வந்து தாதியிடம் கேட்க வேண்டியிருக்கும்.

இத்தகைய வட்டாரச் சொற்களின் சுவடு சொற்றொகுதிகளில் அரிதாகவே காணப்படுகிறது. அவற்றை ஆக்கியோர் அறிவிலும் உழைப்பிலும் குறைந்தவரல்லர். ஆங்கில அகராதி ஒருபுறமும் வடமொழி அகராதி மறுபுறமுமாக இருந்த மேசையில் களவெட்டிக்கு இடமில்லாமற் போயிற்று. வேளாண்மை வெட்டிய கதிரை உப்பட்டியாக வைத்து, கட்டிச் சுமந்து, சூடு வைத்து, சூடடித்து, தூற்றி, பதரை நீக்கி நெல்லைக் காணும் தொழிலில், ஒவ்வொரு படிக்கும் தனிச்சொல் உண்டு. அரிசியானபின் பெண்கள் சுளகிலே புடைப்பர், கொழிப்பர், தெள்ளுவர். கல் கிடப்பின் அரிப்பர். கொழித்தலும் தெள்ளலும் ஒன்றெனக் கருதுவோர் சுளகைக் கையிலெடுத்தறியாதோர்.

தெள்ளுதலிலிருந்தே தெளிவும் தெள்ளிய அறிவும் பிறந்தன. கீரை ஆய்தலும் நூல் ஆய்தலும் ஒரே சொல்லே; பழுத்த இலையையும் புழுவையும் விலக்கி நல்லதை வைத்தலே இரண்டிற்கும் பொது. ஆங்கிலத்தில் திறனாய்வைக் குறிக்கும் ‘கிரிட்டிசிசம்’ என்னும் சொல், பிரித்துத் தேர்தல் என்னும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. இலத்தீனில் சல்லடையின் பெயரும் அதற்கு உறவே. ‘அனாலிசிஸ்’ என்பதோ வெட்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. முடிச்சை அவிழ்த்தல் என்பதே அதன் மூலக் கருத்து. ‘பகுப்பாய்வு’ எனத் தமிழில் அமைத்தவர், பகுத்தலோடு ஆய்தலையும் சேர்த்ததால், பகுத்துப் போட்டுவிட்டு எழுந்துபோவது ஆராய்ச்சியாகாது என்பதையும் சொல்லிற் பொதிந்துவைத்தார். கவிதையைச் சீர்சீராகப் பிரித்துவிட்டுத் திறனாய்ந்ததாகக் கருதும் மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்கள் இதனை நன்கறிவர்.

இன்று நிந்தவூர் வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டது. அது வெட்டுதல், சூடடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடித்து நெல்லைச் சாக்கில் கொட்டுகிறது. உழவர்க்கு அது பெரும் ஆறுதல். நாட்கூலிக்கு ஆள் தேடி அலையும் துன்பம் ஒழிந்தது. ஆனால் உப்பட்டியைக் காணாத பிள்ளைக்கு அச்சொல்லும் இல்லை. நிந்தவூருக்குத் தெற்கே ஒலுவிலில் 1995 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அவ்வூர்ப் பிள்ளைகள் விஞ்ஞானத்தை ஆங்கிலத்திற் கற்கின்றனர். அவர்களுடைய பாட்டன்மார் சிலர் தாக்கத்தி பிடித்த கையோடு இன்னும் உயிர்வாழ்கின்றனர். வி. சீ. கந்தையா அவர்கள் 1964 ஆம் ஆண்டு ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலிலே இப்பகுதித் தமிழின் வளத்தை எடுத்துக்காட்டிச் சென்றார். களவெட்டியிலும் கடற்கரையிலும் அடுக்களையிலும் வழங்கிய பிரிப்புச் சொற்களை, எவ்வினை எப்பொருளுக்கு உரியது என்னும் குறிப்போடு பாட்டனிடம் கேட்டு எழுதிவைக்கப் பேரனுக்கு ஒரு விடுமுறைக் காலம் போதும்.